நான் போட்ட புள்ளடி

வியாழக்கிழமை, இரவு

இண்டைக்குப் பக்கத்து வீட்டுப் புஷ்பமக்காவோடை கிளிநொச்சி வங்கிக்குப் போனனான். அவாவின்ரை கடைக் கணக்கிலை மேலதிகப்பற்று, அதுதான் கணக்கிலை இல்லாத காசைக் கடனா எடுக்கிறது, எண்டு மாதாமாதம் கட்டணமும் தண்டமும் வெட்டிப்போட்டாங்கள். கேளாத கடனுக்கு என்ன தண்டம், திருப்பித் தாங்கோ எண்டு கடிதம் எழுதிக் குடுத்ததும் நான்தான். முரசுமோட்டையிலை எல்லாருக்கும் படிவம் நிரப்புறவன் நான்தானே.

வங்கிப் பிள்ளை, கணக்குத் திறந்த படிவத்தை எடுத்துக் காட்டினா. முழுக்க இங்கிலீசு. மேலதிகப்பற்று வேணும் எண்ட பெட்டிக்குள்ளை ஒரு புள்ளடி. போட்டது நான். அண்டைக்கு அந்த இங்கிலீசுச் சொல் எனக்கு விளங்கேல்லை. விளங்கேல்லை எண்டு சொல்ல வெக்கப்பட்டுப் போட்டிட்டன்.

"இதை ஆர் நிரப்பினது?" எண்டு அந்தப் பிள்ளை கேட்டா. நான் சுவரிலை இருந்த கலண்டரைப் பாத்தன்.

"நான்தான் பிள்ளை, தெரியாமல் போட்டிட்டன்," எண்டா புஷ்பமக்கா. அவாவுக்குத் தன்ரை கையெழுத்து மட்டும்தான் வரும்.

"தெரியாட்டி, தெரிஞ்ச ஒராளைக் கொண்டு நிரப்பியிருக்கலாமே அம்மா?"

அக்கா தலையைக் குனிஞ்சுகொண்டு நிண்டா. நான் கலண்டரைத்தான் பாத்துக்கொண்டு நிண்டன். கடைசியிலை, தண்டத்தைத் திருப்பிப் போடுறம், கட்டணம் தரேலாது எண்டு சொல்லிச்சினம்.

பஸ்ஸிலை அவா யன்னல் சீற்றை எனக்கு விட்டா. மன்னிப்புக் கேக்க வாயெடுத்தன். அதுக்கிடையிலை, "தம்பி, மகளின்ரை வேலைக்கு ஒரு படிவம் கிடக்கு. அதுவும் இங்கிலீசு. நாளைக்குக் கொண்டு வரட்டே?" எண்டு கேட்டா.

ஓம் அக்கா, கொண்டு வாங்கோ எண்டனான்.