கதவுக்கு வெளியே ஒரு சொம்பு

7.7.2003, திங்கள்
பள்ளிக் கண்காட்சிக்கு என் வகுப்பு மாணவி வேண்டா தெர்மாகோலில் ஒரு மாதிரி செய்து வந்தாள். பழைய மெக்சிகோவின் அஸ்டெக் பூசாரிகள் மட்டும் உள்ளே போய் நோன்பிருந்த கட்டடம். கற்றாழை முள்ளால் காதைக் குத்தி ரத்தம் காணிக்கை வைப்பார்களாம். "காட்டுமிராண்டிகள்" என்றேன். வகுப்பு சிரித்தது. வேண்டா எழுந்தாள்.
"எங்கப்பாவும் ஆடித் திருவிழாவுக்கு முன்னால கோயில் ரூமுல ஒம்பது நாளு கதவ சாத்திக்கினு இருப்பாரு, டீச்சர். அப்புறம் அலகு குத்திக்குவாரு."
சிரிப்பு பெரிதானது. நானும் சிரித்தேன்.

8.7.2003
வேண்டா வரவில்லை.

9.7.2003
இன்றும் வரவில்லை. ஏன் சிரித்தேன்? எனக்குத் தெரியாத சங்கதியா?
என் அப்பா அப்பாசாமியும் பூசாரிதானே. வேடந்தாங்கல் பக்கம் எங்கள் ஊர்க் கோயிலில் நோன்பறைக்குள் போனால் யாரோடும் பேச மாட்டார். தினமும் சொம்பில் பால் கொண்டுபோய்க் கதவுக்கு வெளியே வைத்தவள் நான். இரண்டு தட்டு தட்டிவிட்டு வந்துவிட வேண்டும். இந்த அணுபுரம் டவுன்ஷிப்பில் எல்லோரிடமும் அப்பா விவசாயம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். என் கணவருக்கு மட்டும்தான் உண்மை தெரியும். அப்பா அலகு குத்திய கன்னத்துத் தழும்பு தெரியாத போட்டோவாகத் தேடி ஹாலில் மாட்டியிருக்கிறேன் - சீ, நானெல்லாம் ஒரு மகளா?

11.7.2003
குப்பத்துக்குப் போனேன். வேண்டாவின் அம்மா செங்கம்மாள் வாசலிலேயே நிறுத்திச் சொன்னாள்: "காச்சல் ஒண்ணும் இல்ல, டீச்சர். அப்பாவப் பத்தி ஏன் வாயத் தொறந்தோம்னு அழுதுகினு கீது. அவரு நோம்புல உள்ள கீறாரு. வெளிய வந்து கேட்டா நான் இன்னா சொல்றது?"
மன்னிப்பு கேட்கத்தான் போனேன். "கண்காட்சிக்கு அனுப்புங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். கோழை.

18.7.2003, கண்காட்சி
வேண்டா வந்திருந்தாள், கடைசி பெஞ்சில். எல்லோர் முன்னாலும் சொன்னேன்: "அன்னைக்கு நான் சொன்னதும் தப்பு, சிரிச்சதும் தப்பு." அவள் நிமிரவில்லை.
நேற்று களிமண்ணில் ஒரு பொம்மை செய்திருந்தேன். பாவாடை கட்டிய பெண், கையில் சொம்பு. அதை அவளுடைய மாதிரியில், கதவைப் பார்த்தபடி வைத்தேன். மெதுவாகக் கிட்டே வந்தாள்.
"அங்க இப்டி பொண்ணு நிக்குமா, டீச்சர்?"
"தெரியல. எங்க ஊர்ல நின்னுது."
"யாரு?"
"நான்தான். எங்கப்பாவும் பூசாரி."
என்னைப் பார்த்தாள். பிறகு பொம்மையை எடுத்து, முதுகு கதவுப் பக்கம் வரும்படி திருப்பி வைத்தாள்.
"வெச்சிட்டுத் திரும்பிப் பாக்கக் கூடாது, டீச்சர். மறந்துட்டீங்களா?"