மூச்சக்காவின் பிரசவம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். காற்றும் கடலும் உங்களிடம் நல்லபடியாக நடந்துகொள்கின்றன என்று நம்புகிறேன். இங்கே உங்கள் வீட்டில் எல்லாரும் நலம். எல்லாரையும்விடச் சின்னவள் நலம். வயிறு முட்டக் குடித்துவிட்டு, ஊரையே விலைக்கு வாங்கியவள் மாதிரிக் கையைக் காலை விரித்துப்போட்டுத் தூங்குகிறாள்.

நேற்று உங்கள் மனைவி ஃபோனில், "பொண்ணு பிறந்திருக்கா, ரெண்டு பேரும் நல்லா இருக்கோம்" என்று சொன்னதோடு லைன் போய்விட்டதாமே. போகாமல் இருந்திருந்தாலும் அவள் அதற்கு மேல் சொல்லியிருக்க மாட்டாள். அதனால்தான் நான் எழுத உட்கார்ந்தேன். "எழுதணும்னா எழுதிக்கோ, ஆனா மனுஷனைப் பயமுறுத்தாதே" என்று அனுமதியும் கொடுத்துவிட்டாள். கொஞ்சம் பயமுறுத்தத்தான் போகிறேன். முடிவு நல்ல முடிவு என்று தெரிந்துகொண்டே படியுங்கள்.

நாங்கள் இருவரும் வேலை பார்க்கும் பிரசவ வார்டில் அவளுக்கு மூச்சக்கா என்று ஒரு பெயர் உண்டு. வீட்டில் சொல்லியிருக்க மாட்டாள். வலியில் துடிக்கிற பெண்களிடம் நாளெல்லாம் "மூச்சை இழு, மெதுவா விடு, மூச்சை அடக்காதே" என்று சொல்லிச் சொல்லியே வந்த பெயர். அந்த மூச்சக்கா விடுப்பில் போன மூன்றாம் நாள் காலையில், பனிக்குடம் உடைந்து, தோளில் பையோடு தானே வார்டுக்குள் நடந்து வந்தாள். பின்னாலேயே உங்கள் அம்மா, ஒரு கையில் ஃபிளாஸ்க், இன்னொரு கையில் செருப்பு. மருமகள் நடந்த வேகத்துக்கு ஈடுகொடுத்து ஓடியதில் வாசலிலேயே வார் அறுந்துவிட்டதாம்.

வந்தவள் கட்டிலில் படுத்தாளா? இல்லை. குழந்தைக்கான சூடு மேசையின் விளக்கு எரிகிறதா என்று பார்த்தாள். துணி போதுமா என்று அலமாரியைத் திறந்தாள். விரித்திருந்த விரிப்பு சுருக்கமாக இருக்கிறதென்று உருவி எடுத்து, தன் படுக்கையைத் தானே விரித்தாள். நடுவில் வலி வந்தால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், போனதும் மறுபடியும் ஆரம்பிப்பாள். நான் வயிற்றில் கை வைத்தால், "கை ஐஸ் மாதிரி இருக்கு, தேய்ச்சுட்டு வை." இதயத் துடிப்பைக் கேட்டால், "எவ்வளவு? சரியா எண்ணினியா?" கடைசியில் நான் இடுப்பில் கை வைத்து, "இன்னைக்கு நீ நோயாளி, நான் நர்ஸ். வாயை மூடிக்கிட்டுப் படு" என்று சத்தம் போட்டேன். பல வருடங்களாக ஒரே மேசையில் சாப்பிடுகிறோம், அவள் என் பேச்சைக் கேட்டு நான் பார்த்தது அன்றுதான்.

மதியத்துக்குள் வலி நெருங்க ஆரம்பித்தது. முன்னால் சாய்ந்து நிற்கச் சொல்லி, இடுப்பின் அடிப்பக்கத்தை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தேன். என் கை ஓய்ந்ததும் உங்கள் அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு வந்துவிட்டார்கள். உங்கள் வீட்டில் இவர்கள் இருவரும் எப்படி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உப்பு டப்பா எங்கே இருக்க வேண்டும் என்பதிலேயே ஒரு வாரம் பேசாமல் இருந்தவர்கள். அன்று மாமியார் தேய்க்கிறார்கள், மருமகள் "இன்னும் கீழே... ஆங், அங்கேதான் அத்தை" என்கிறாள். நான் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டேன்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு சின்னப் பெண், முதல் பிரசவம். மாதாமாதம் பரிசோதனைக்கு வந்தபோதெல்லாம் நம் மூச்சக்காதான் அவளுக்குப் பாடம் எடுத்தவள். அந்தப் பெண் பயந்துவிடக் கூடாதென்று இவள் பல்லைக் கடித்துக்கொண்டு சத்தமே இல்லாமல் கிடந்தாள். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, மூச்சையும் பிடித்துக்கொண்டு! அந்தப் பெண் திரைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "அக்கா, மூச்சை அடக்காதீங்கக்கா, மெதுவா விடுங்க" என்றாளே பார்க்கலாம். வார்டே சிரித்தது. இவளும் வலியோடு சிரித்து, அந்தச் சிரிப்பிலேயே மூச்சு வெளியே வந்தது. வெளியே வந்தது மூச்சு மட்டும் இல்லை அண்ணா. அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் வந்தது.

உங்களைத் திட்ட ஆரம்பித்தாள். அடேயப்பா! கப்பலுக்கு மாற்று ஆள் வரவில்லை, இன்னொரு பயணம் முடித்துவிட்டு வரட்டுமா என்று நீங்கள் கேட்டபோது, "தாராளமா இருங்க, பிரசவம் எனக்கென்ன புதுசா?" என்று இவள்தானே சொன்னாளாம். இப்போது, "தாராளமா இருங்கன்னு சொன்னா இருந்துடறதா? அதுக்கு என்ன அர்த்தம்னு கட்டினவருக்குத் தெரிய வேணாமா? இன்ஜின்ல ஒரு சின்னச் சத்தம் மாறினாலும் கண்டுபிடிச்சிடுவாராம், என் குரல் மாறினது மட்டும் காதுல விழலையாம்!" என்று ஒரே பிடி. நான் உங்களுக்காகப் பரிந்து பேசலாமா என்று பார்த்தேன். அதற்குள் உங்கள் அம்மா முந்திக்கொண்டு, "இன்னும் நல்லாத் திட்டும்மா. நான் பெத்தவ, எனக்கும் பாக்கி இருக்கு" என்று சேர்ந்துகொண்டார்கள். இருவரும் மாறி மாறி உங்களை அர்ச்சித்ததில் வலியின் கடினமான நேரம் போனதே தெரியவில்லை. அன்று உங்களுக்கு விக்கல் எடுத்திருந்தால் காரணம் இதுதான்.

பிறகு முக்கும் நேரம் வந்தது. பயமுறுத்தப்போகிறேன் என்று இனி எழுதப்போவதைத்தான் சொன்னேன்.

ஒவ்வொரு வலிக்குப் பிறகும் குழந்தையின் துடிப்பைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். தலை இறங்கும் சமயத்தில் துடிப்பு குறைய ஆரம்பித்தது. டாக்டரம்மா பக்கத்து அறையில் ஓர் அறுவை சிகிச்சையில் இருந்தார். ஆள் அனுப்பிவிட்டு, இவளை இடது பக்கமாகத் திருப்பினேன். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டேன். ஆனால் இவளிடம் எதை மறைக்க முடியும்? என் கை எங்கே போகிறது என்று பார்த்தே புரிந்துகொண்டாள். அதுவரை இருந்த அதட்டல் எல்லாம் போய், "சொல்லு, என்ன செய்யணும்?" என்று மட்டும் கேட்டாள். தலை தெரிந்ததும் முக்காதே, வாயால் ஊது என்றேன். ஊதினாள். கழுத்தைச் சுற்றித் தொப்புள்கொடி. விரலால் தூக்கிக் கழற்றினேன். அடுத்த வலியில் குழந்தை என் கையில் இருந்தது.

அழவில்லை.

துவண்டு கிடந்தாள். துணியால் துடைத்தேன், முதுகைத் தேய்த்தேன், பாதத்தைச் சுண்டினேன். ம்ஹூம். கொடியை வெட்டிச் சூடு மேசைக்குக் கொண்டுபோய், தலையைச் சரியாக வைத்து, முகத்தில் முகமூடியைப் பொருத்திக் காற்றுப் பையை அழுத்தினேன். கூட இருந்த நர்ஸ் துடிப்பைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள். மற்றத் தாய்மார்கள் இந்த நேரத்தில் "என்னாச்சு, ஏன் அழலை" என்று கத்துவார்கள். இவளுக்கு ஏன் என்று தெரியும் அண்ணா. அதனால் கத்தவில்லை. கட்டிலில் இருந்து என் பக்கம் திரும்பி, நான் பையை அழுத்தும் வேகத்துக்குச் சரியாக, "அழுத்து... விடு... அழுத்து... விடு..." என்று சன்னமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் தாளம் தவறாமல் அழுத்தியது அந்தக் குரலால்தான். நடுவில் ஒரே ஒரு தடவை, யாரிடம் என்றில்லாமல், "அவர் இங்க இருக்கணும்" என்றாள். திட்டவில்லை. சும்மா சொன்னாள்.

சின்ன நெஞ்சு ஏறி இறங்கியது. மூக்கைச் சுளித்தாள். பூனைக்குட்டி மாதிரி ஒரு முனகல். அப்புறம் பாருங்கள், வார்டுக் கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஓர் அழுகை! பக்கத்துக் கட்டில் பெண் கைதட்டினாள். உங்கள் அம்மா நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். டாக்டரம்மா ஓடி வந்து, சத்தத்தைக் கேட்டு, "சரி, என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?" என்றார். பார்த்துவிட்டு, எல்லாம் நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார். இன்றைக்கும் மறுபடி பார்த்துவிட்டு அதையேதான் சொன்னார். இந்த விஷயத்தில் நீங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

குழந்தையை அவள் நெஞ்சின்மேல் தோலோடு தோலாகப் போட்டு, மேலே ஒரு துணியைப் போர்த்தினேன். இவள் சின்னவளின் விரல்களையெல்லாம் எண்ணிப் பார்த்துவிட்டு, "காது அவங்க அப்பா காது" என்றாள். பெரிய காதுதான்.

இன்னொரு வேடிக்கை. எத்தனையோ தாய்மார்களுக்குப் பால் கொடுக்கக் கற்றுக்கொடுத்தவள், தன் மகள் வாய் வைக்கவில்லை என்றதும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நாளெல்லாம் அழாதவள்! தோளைத் தளர்த்திக்கொள், அவளே தேடி வருவாள் என்று சொல்லி, கொஞ்சம் பிடித்துக்கொடுத்தேன். தேடி வந்தாள். வந்தவள் விடவே இல்லை.

உங்கள் அம்மாவுக்கு வலது கை விரல்கள் வீங்கியிருக்கின்றன. முக்கும்போது மருமகள் பிடித்த பிடி அப்படி. எண்ணெய் தடவலாம் என்றால் மாட்டேன் என்கிறார்கள். பார்க்க வருகிறவர்களிடம் குழந்தையைக் காட்டுவதற்கு முன் விரலைத்தான் காட்டுகிறார்கள். உப்பு டப்பா விஷயத்திலும் சமாதானம் ஆகிவிடும் என்று நினைக்கிறேன். எத்தனை நாளைக்கு என்று கேட்காதீர்கள்.

நாளைக்கு வீட்டுக்கு அனுப்புகிறோம். நான் தினமும் டியூட்டி முடிந்து எட்டிப் பார்ப்பேன். சாப்பாடு, துணி, தூக்கம் எதற்கும் குறை வராது. வீட்டு வேலையை யார் பார்ப்பார்கள் என்று அங்கே நீங்கள் மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஒன்றே ஒன்றுதான். குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. தொட்டில் அட்டையில் பெயருக்கான இடம் காலியாகவே இருக்கிறது. ஆளாளுக்கு ஒரு பெயர் சொல்கிறோம். எல்லாவற்றுக்கும் உங்கள் மனைவி, "என்ன அவசரம், இருக்கட்டும்" என்கிறாள். யாருக்காக இருக்கட்டும் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இந்தத் தடவை அவள் தாராளமாக இருங்கள் என்று சொன்னால், தயவுசெய்து நம்பிவிடாதீர்கள்.

கடல் உங்களைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும். சீக்கிரம் சேர்க்கட்டும். அதுவரை "பாப்பா" என்றே கூப்பிட்டுச் சமாளிக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் மகளை முதலில் கையில் வாங்கிய,
அன்புத் தங்கை