எழுபத்தைந்தை இருபத்தைந்து ஆக்கியவனுக்கு

அண்ணா,

உன் மடிக்கணினியைத் திறந்து பத்து நிமிடம் ஆனால் உள்ளே விசிறி இரைய ஆரம்பிக்கும். கூடவே விசைப்பலகைக்குள்ளிருந்து உப்பு லக்ரிஸ் மணம் வரும். நீ போய் மூன்று வருடமாகிறது. எத்தனையோ தரம் ஈரத்துணியால் துடைத்துவிட்டேன், போகவில்லை. அந்தக் கறுப்பு மிட்டாயை டெனிஷ்காரரே அளவாகத்தான் தின்பார்கள். நீ பை பையாகத் தின்றாய், தின்ற விரலாலேயே எங்கள் எல்லோருடைய தலையெழுத்தையும் தட்டினாய். இன்று ஞாயிற்றுக்கிழமை, எனக்கு வேலையில்லாத நாள், விபோர்க்கில் காலையிலிருந்து மழை. மணம் வந்தது. வழக்கம்போல எனக்குக் கோபமும் வந்தது.

நீ இருந்தவரை உன்னை 'நீங்கள்' என்றுதான் சொன்னேன். இனிச் சொல்ல மாட்டேன். செத்தவர்களைப் பற்றிக் குறை கதைக்கக் கூடாது என்கிறா அம்மா. நான் உன்னைப் பற்றி ஊரிடம் கதைக்கவில்லை, உன்னிடமே கதைக்கிறேன். அதில் என்ன பாவம்?

நீ ஓல்போர்க்கில் பொறியியல் படித்த காலத்தில் விடுதியில் யாரோ உனக்கு அந்த பேஸ்போல் விளையாட்டைக் காட்டினார்கள். திரையில் ஆட்கள் ஓடித் திரிகிற விளையாட்டல்ல. பெயர்களும் எண்களும் மட்டும்தான். அணியைச் சேர்த்து, யாருக்குப் பின் யார் துடுப்போடு இறங்குவது என்று வரிசை போட்டுவிட்டால், கணினி தானே எல்லா ஆட்டத்தையும் ஆடி, அந்த வருடத்துப் பருவத்தை முடித்துவிடும். கிரிக்கெட்டைத் தவிர வேறொன்றையும் மதிக்காத அப்பாவின் பிள்ளைகள் நாங்கள். ஆனாலும் நீ விபோர்க், ஓல்போர்க், கோப்பன்ஹேகன் என்று சிதறிக் கிடந்த பெரியப்பா, சித்தி பிள்ளைகளையும் என்னையும் சேர்த்து ஒரு லீக் தொடங்கினாய். ஆளுக்கொரு அணி. அந்த அணிக்குள் எங்கள் சொந்தப் பெயரிலேயே ஒரு ஆட்டக்காரரும் இருப்பார். வயதானால் திறன் குறைகிற ஏற்பாட்டை மட்டும் நீ நிறுத்தி வைத்தாய். குடும்பத்தில் யாரையும் கிழவராக்கக் கூடாது என்றாய். அந்த அளவுக்கு நல்லவன்.

திறனை எப்படி அளப்பது? அதற்கும் நீயே ஒரு வழக்கம் வைத்தாய். ஜூன் மாதத்தில் சங்த் ஹான்ஸ் நாளில் நாங்கள் எல்லோரும் ஏரிக்கரைப் பூங்காவில் கூடுவோம். நெருப்பு மூட்டும்வரை ருண்ட்போல் ஆடுவோம். இங்கே பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளையும் ஆடுகிற ஆட்டம்தான், மட்டையால் அடித்துவிட்டு வட்டமாக ஓட வேண்டும். நீ கொப்பியோடு ஓரமாக நின்று குறிப்பாய். யாருடைய மட்டை பந்தைத் தவறவிட்டது, யாருடைய அடி ஆளில்லாத இடத்தில் விழுந்தது, எல்லாவற்றுக்கும் புள்ளி. அந்தப் புள்ளிதான் விளையாட்டுக்குள் போகும். இருபதுக்குக் கீழே இல்லை, எண்பதுக்கு மேலே இல்லை. பெரியப்பாவின் மகளுக்கு முப்பது போட்டதற்கு அவள் இரண்டு மாதம் உன்னோடு கதைக்கவில்லை.

முதல் வருடம் என் மட்டை ஒரு பந்தையும் தவறவிடவில்லை. அந்தப் பருவம் முடிந்தபோது துடுப்பாட்டச் சராசரியில் லீக்கிலேயே முதலாவது நான், இரண்டாவது நீ. அடுத்த சங்த் ஹான்ஸ் நெருப்படியில் சித்தியின் மகன் கஜன் உன் தோளில் தட்டி, "அண்ணை, உங்கடை தங்கச்சி உங்களை நொருக்கிப் போட்டா. லீக்கை அவவிட்டைக் குடுத்திட்டு நீங்கள் இறைச்சியைத் திருப்புங்கோ" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். எல்லோரிலும் சத்தமாகச் சிரித்தது நான்தான், அதுதான் என் பிழை.

அதற்குப் பிறகு ஒரு கிழமைகூட ஆகவில்லை. பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கிற கடைசி நாள் கிட்டிக்கொண்டிருந்தது. நான் ஓல்போர்க்கில் கணிதம் படிக்க ஆசைப்பட்டேன். வீட்டில் பல்கலைக்கழகத்தைக் கண்டவன் நீ ஒருவன்தான் என்பதால் அப்பா உன்னைக் கேட்டார். நான் குசினித் தொட்டியில் லீக்ஸ் கழுவிக்கொண்டு நின்றேன்.

"இவள் கணக்குப் படிக்கப் போறாளாம். ஏலுமே இவளுக்கு?"

நீ ஒரு லக்ரிஸை வாயில் போட்டாய். "ஏலாது அப்பா. பள்ளிக்கூடக் கணக்கு வேறை, அது வேறை. ஒரு வருசத்திலை திரும்பி வந்து நிப்பாள். சோசுவுக்கு விடுங்கோ, வேலை நிச்சயம்."

சோசு என்றால் முதியோரைப் பராமரிக்கப் பழக்குகிற பள்ளிக்கூடம். அப்பா தலையாட்டினார். நீ சொன்னால் அவருக்கு வேதம். நான் தண்ணீரை நிறுத்திவிட்டு ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, சோசுவுக்குப் போனேன். அந்த வேலையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இருபது வருடமாக ஆட்களைத் தூக்கியிருக்கிறேன், குளிக்க வார்த்திருக்கிறேன், கடைசி மூச்சுவரை கையைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். ஆனால் அதை நான் தெரிவு செய்யவில்லை. நீ செய்தாய்.

அந்தப் பருவத்தோடு விளையாட்டிலும் நான் விழுந்தேன். என் பெயரில் இருந்தவள் பந்தைத் தவறவிடுவதேயில்லை, ஆனால் அடிப்பதெல்லாம் களத்தடுப்பாளரின் கைக்கே போனது. 'கொன்டாக்ட்' என்ற இடத்தில், அதாவது பந்தைச் சரியாக அடிக்கிற திறனுக்கு, ஐம்பது என்று கிடந்தது. 'போன வருடம் அளவுக்கு மிஞ்சிப் போட்டுவிட்டேன், ருண்ட்போல் பந்து மெல்லத்தானே வரும்' என்று நீ காரணம் சொன்னாய். சரி, ஐம்பது என்றால் நடுத்தர ஆட்டக்காரி. ஆனால் சராசரியில் நான் லீக்கிலேயே கடைசி. உனக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"உனக்கு அதிர்ஷ்டம் இல்லைப் பிள்ளை," என்றாய். "சராசரி எண்டு ஒண்டு இந்த விளையாட்டுக்குள்ளை இல்லை. ஒவ்வொரு பந்துக்கும் பகடை உருட்டுது. சராசரி கடைசியிலை வாற கூட்டல். பட்ட பந்து எங்கை விழும் எண்டது ஆற்றை கையிலை கிடக்கு?"

பாதி உண்மை என்பதால்தான் நம்பினேன். நல்ல ஆட்டக்காரன் பத்துத் தரம் இறங்கினால் மூன்று தரம் பந்தை ஆளில்லாத இடத்தில் விழுத்தி அடி பெறுவான். அதே ஆள், அதே திறன், ஒரு பருவத்தில் அதிர்ஷ்டம் கெட்டால் அதைவிடக் குறைவாகத்தான் பெறுவான். ஒரு பருவம் அப்படிப் போகலாம். எனக்குப் பதினெட்டுப் பருவம் போனது. நான் அதிர்ஷ்டம் கெட்டவள் என்றே நம்பிவிட்டேன். கல்யாணப் பேச்சு குழம்பியபோதும், பொறுப்பாளர் பதவி வேறொருத்திக்குப் போனபோதும் நான் ஏன் என்று கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை நீ கந்தோர்க் கதிரையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தாய். முப்பத்தோராம் நாள் முடிந்ததும் அண்ணி இந்தக் கணினியைத் தூக்கி என்னிடம் தந்தா. "கடைசி மட்டும் இதிலை விளையாடினது நீர்தானே. நீர் வைச்சிரும்." அழுதுகொண்டே தந்தா, நானும் அழுதுகொண்டே வாங்கினேன். வீட்டுக்கு வந்து முதல் வேலையாக உன் பக்கத்தைத் திறந்து, எழுபதாக இருந்த உன் கொன்டாக்டை இருபதாக்கினேன். அப்போது எனக்கு உன் களவு ஒன்றும் தெரியாது. குசினியில் சொன்ன அந்த 'ஏலாது' மட்டும்தான் நெஞ்சில் இருந்தது. அதற்கே இது போதும் என்று நினைத்தேன்.

போதவில்லை. நீ பத்துக்கு மூன்றைத் தாண்டி அடித்தாய். உன் அணி வென்றது. திரும்பப் போய்ப் பார்த்தால் உன் கொன்டாக்ட் எழுபதிலேயே நிற்கிறது. அடுத்த வருடம் மறுபடி இருபதாக்கினேன், மறுபடி எழுபது, மறுபடி வென்றாய். செத்தும் என்னை வெல்கிறாயே என்று கணினியை மூடி அலுமாரிக்குள் எறிந்தேன்.

அலுமாரியில் அது ஒரு மாதம் கிடந்தது. ஆறியபிறகுதான் மூளை வேலை செய்தது. கொன்டாக்ட் என்பது மூலம் அல்ல, முகம். கீழே வேறு எண்கள் இருக்கின்றன. பந்தைத் தவறவிடாத திறன் ஒன்று. பட்ட பந்து அடியாக மாறும் திறன் இன்னொன்று. அவற்றைச் சேர்த்துத்தான் விளையாட்டு கொன்டாக்டைக் காட்டுகிறது. நான் முகத்தில் கீறியிருக்கிறேன், அது தன்னைத் தானே திருத்திக்கொண்டது. கீழே உள்ளவற்றைத் திறப்பதற்கு லீக் நடத்துபவரின் பக்கத்துக்குப் போக வேண்டும். உன்னைத் தவிர யாரும் அங்கே போனதில்லை. நான் போனேன். போன கையோடு என் பெயரையும் திறந்தேன்.

தவறவிடாத திறன் எண்பது. பட்ட பந்து அடியாகும் திறன் இருபத்தைந்து.

நீ ஒழுங்கான ஆள், வருடா வருடம் லீக்கை நகலெடுத்து வைப்பாய். முதல் வருட நகலைத் திறந்தேன். அதே இடத்தில் எழுபத்தைந்து இருந்தது. அந்த வருடம் லீக்கிலேயே கூடிய எண் அதுதான். உன்னுடையதைவிடக் கூட. நீதான் கொப்பியோடு நின்று அளந்தாய், நீதான் பதிந்தாய். அடுத்த வருட நகல், கஜன் பகிடி பண்ணிய சங்த் ஹான்ஸுக்கு இரண்டு நாள் கழித்து எடுத்தது. அதில் இருபத்தைந்து.

உனக்குத் தெரியும், அண்ணா. அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. எனக்கு ஏலாது என்று நீ உண்மையாகவே நினைத்திருந்தால், மடையன் பிழையாகக் கணித்துவிட்டான் என்று விட்டிருப்பேன். குசினியில் அப்பாவுக்கு நீ பதில் சொன்னபோது அந்த எழுபத்தைந்தை அழித்து ஒரு கிழமை ஆகவில்லை. விளையாட்டில் என்னை இறக்கிய அதே பயத்தில்தான் படிப்பிலும் இறக்கினாய், எனக்கு ஏலும் என்று தெரிந்துதான் ஏலாது என்றாய்.

அன்றைக்கே உன் பட்ட பந்து அடியாகும் திறனை இருபதாக்கினேன். தவறவிடாத திறனில் கை வைக்கவில்லை. ஒவ்வொரு பந்தும் உன் மட்டையில் படட்டும், பட்டு நேரே எதிரியின் கைக்குள் போகட்டும். என்னுடையதைத் திரும்ப எழுபத்தைந்தாக்கினேன். ஒரு புள்ளி கூட்டவில்லை, எனக்குக் களவு வேண்டாம். பருவம் ஓடியது. ஒவ்வொரு ஆட்டமாகத் திறந்து, நீ வெளியேறுகிற ஒவ்வொரு வரியையும் வாசித்தேன். தேத்தண்ணி குடித்துக்கொண்டு வாசித்தேன். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று மறைக்க மாட்டேன்.

நீ அனுப்புவதுபோலவே பருவ முடிவை எல்லோருக்கும் அனுப்பினேன். கஜன் கோப்பன்ஹேகனில் இருந்து தொலைபேசி எடுத்தான். "அக்கா, அண்ணைக்கு என்ன நடந்தது? ஒரு அடியும் விழேல்லை. பார்க்க அந்தரமாக் கிடக்கு."

"எனக்கும் அந்தரமாத்தான் கிடக்கு," என்றேன். பொய்.

இன்னொன்று. போன ஆவணியில் நான் பெரியவர்களுக்கான கணித வகுப்பில் சேர்ந்தேன். நாற்பத்திரண்டு வயது, பக்கத்தில் இருப்பதெல்லாம் இருபது வயது. நிகழ்தகவு தொடங்கிய அன்று எனக்கு எதுவும் புதிதாக இல்லை. பரீட்சையில் பன்னிரண்டு வாங்கினேன். இந்த நாட்டில் அதற்கு மேல் இல்லை. நீ இருந்திருந்தால், சான்றிதழை எடுத்துக்கொண்டு ஓல்போர்க்குக்குக் காரோட்டிப் போய், உன் கந்தோர் மேசையில் அடித்து வைத்து, 'இப்ப சொல்லு' என்று கேட்டிருப்பேன். நீ முழிப்பதைப் பார்ப்பதற்காகத்தான் படித்தேன் என்றாலும் பொய்யில்லை. அந்த முழியையும் நீ எனக்குத் தராமல் கொண்டுபோய்விட்டாய். உன்னை மன்னிக்கச் சொல்கிறா அம்மா. மன்னிப்புக் கேட்காத ஒருவனை எப்படி மன்னிப்பது? உன்னை நினைத்தால் அழுகையும் வருகிறது, அடிக்கவும் கை வருகிறது. இரண்டில் எதையும் இறக்கி வைக்க எனக்கு இடமில்லை.

இன்று காலை, மழைக்குள், அந்த லக்ரிஸ் மணத்துக்குள், விளையாட்டு எனக்கு ஒரு செய்தி காட்டியது. உன் பெயரில் இருப்பவர் இந்தப் பருவத்தோடு ஓய்வு பெற விரும்புகிறாராம். ஆட்டம் சரியில்லையாம், மனம் விட்டுப்போயிற்றாம். லீக் நடத்துபவர் அனுமதிக்கிறாரா?

 'இல்லை' என்று அழுத்தினேன். நாற்பத்து மூன்று வயதில் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் போனவன் நீ. இங்கே என்னைக் கேட்டுத்தான் போக வேண்டும்.