ஐந்தாம் கேள்வி

நெய்வேலி
8-5-1964

அன்புள்ள வீராயி,

நீயும் அத்தையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எட்டாம் வகுப்புத் தேர்ச்சிப் பட்டியல் ஒட்டிய அன்றே நீ குறிஞ்சிப்பாடியில் அத்தை வீட்டுத் தறிக்கு நூல்தார் சுற்றப் போய்விட்டதாக உன் வகுப்பு முனவரா சொன்னாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பூகோளத்தில் மட்டும்தான் இரண்டு மதிப்பெண் குறைந்து முப்பத்து மூன்று. ஜூனில் வந்து மறுபடி எட்டாவதில் உட்கார். அவசியம் வா.

உன் டீச்சர்
விருத்தாம்பாள்


குறிஞ்சிப்பாடி
13-5-1964

மதிப்பிற்குரிய டீச்சருக்கு வணக்கம்.

சொல்லாமல் வந்தது தப்புதான். அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது. நிலக்கரி எப்படி எடுக்கிறார்கள் என்ற ஐந்தாம் கேள்விக்கு, நம் ஊர்ச் சுரங்கத்தில் மேல்மண்ணை வெட்டித் தள்ளுவதையும், அடித்தண்ணீர் பொங்கி வராமல் இரவும் பகலும் பம்பு ஓடுவதையும் எழுதினேன். சுழி போட்டிருந்தீர்கள். அந்தப் பம்பில் ஷிப்ட் பார்க்கிற அப்பாவிடமே விடைத்தாளைக் காட்டினேன். "டீச்சர் படிச்சவங்க. அவங்க சுழி போட்டா தப்பாத்தான் இருக்கும். நீ கண்டதெல்லாம் எழுதிகினு வந்தியா?" என்று முதுகில் அடித்தார். எது தப்பு என்று சொன்னால் திருத்திக்கொள்வேன்.

தங்கள் மாணவி
பெ. வீராயி


நெய்வேலி
19-5-1964

அன்புள்ள வீராயி,

நீ எழுதியதில் தப்பே இல்லை. சுழி போடும்போதே எனக்கு அது தெரியும். விடைக்குறிப்பில் குகைப்பாதை, கைவிளக்கு என்று இருந்தது, பாடப்புத்தகத்திலும் அதுதான். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். வேலை இன்னும் பெர்மனென்ட் ஆகவில்லை. தலைமையாசிரியையிடம் கேட்க வாய் வரவில்லை. என் கூச்சத்துக்கு நீ அடி வாங்கினாய்.

உன் கடிதம் வந்ததும் அவர் அறைக்குப் போய்ச் சொன்னேன். "இதை அப்பவே கேட்டா என்னம்மா?" என்றார். அவ்வளவுதான். ஐந்து மதிப்பெண் சேர்த்தாயிற்று. உனக்கு ஒன்பதாவதில் இடம்.

ஷிப்ட் முடிந்து வந்த உன் அப்பாவிடமும் சொன்னேன். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றவர், "அப்ப நான் அடிச்சதுங்க?" என்று கேட்டார்.

என்னை மன்னித்துவிடு.

விருத்தாம்பாள்


குறிஞ்சிப்பாடி
25-5-1964

மதிப்பிற்குரிய டீச்சருக்கு,

நேற்று அப்பா வந்திருந்தார். பக்கோடாப் பொட்டலத்தை என் கையில் கொடுத்தார். ஜூன் முதல் தேதி பள்ளிக்கு வந்துவிடுவேன். தாங்கள் மன்னிப்பு கேட்க வேண்டாம், எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஒரே ஒரு விண்ணப்பம். இனிமேல் பரீட்சைக்கு முன்பே, புத்தகத்தில் உள்ளதை எழுத வேண்டுமா, நிஜமாக நடப்பதை எழுத வேண்டுமா என்று வகுப்பில் சொல்லிவிடுங்கள். எதைச் சொன்னாலும் எழுதிவிடுவேன்.

கீழ்ப்படிதலுள்ள
பெ. வீராயி