சீர் வேறு, கூலி வேறு

என் ஆசை வீட்டுக்காரருக்கு,

நல்லா இருக்கியாய்யா? அங்கேயாவது மதியச் சோற்றை நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? இங்கே நானும் தேன்மொழியும் நல்லா இருக்கிறோம். உனக்கு ஒரு சேதி இருக்கிறது. உன் கூலி வந்துவிட்டது. ஆடியிலிருந்து தை வரைக்கும் சாயப்பட்டறையில் நீ உழைத்த கூலி, குறையாமல் வந்துவிட்டது.

நீ இருந்திருந்தால் என்னைக் கேட்கவே விட்டிருக்க மாட்டாய். "மச்சான்கிட்ட போயி எப்படிடி கூலி கேக்கறது?" என்று என் வாயைத்தான் அடைத்திருப்பாய்.

எல்லாம் நம்ம தேன்மொழி காதுகுத்தில் வந்த வினை. எனக்குக் கூடப் பிறந்தவன் இல்லை. பிள்ளையை மடியில் வைத்துக் காது குத்தத் தாய்மாமன் வேண்டும். பெரியப்பா மகனைக் கூப்பிடலாம் என்றேன். நீயோ உன் முதலாளி ஏகாம்பரத்தையே போய்க் கூப்பிட்டாய். அவரும் மேளத்தோடு வந்து இறங்கினார். தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், பட்டுப் பாவாடை, தங்கக் கம்மல், மேலே ஒரு கவரில் பணம். ரேடியோ செட்டில் "தாய்மாமன் சீர்" என்று பிள்ளையார்பாளையமே கேட்கும்படி சொன்னார்கள். உனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்றிலிருந்து அவர் உனக்கு மச்சான், நீ அவருக்கு மாப்ள. அதோடு கூலியும் நின்றது. "உன் பணம் எங்க போயிடும் மாப்ள?" என்பார். நீயும் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வருவாய், கை நிறைய அரக்குச் சாயத்தோடு, பையில் பஸ்ஸுக்குக்கூடக் காசில்லாமல். எவ்வளவு திட்டியிருப்பேன் உன்னை! இப்போது திட்டவும் ஆள் இல்லை.

பொய் சொல்லக் கூடாது. நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர்தான். மாலையோடு வந்து தேம்பி அழுதார். காரியமெல்லாம் முடிந்து, வீட்டு வாடகை ஏறிக் கிடக்கிறதே என்று கூலியைக் கேட்டேன். அப்போதுதான் முகம் மாறியது.

"அதான் சீர்லயே முன்பணமா வெச்சிட்டேனேமா. கம்மலு, பணம், எல்லாம் கூலிக்குச் சரியாப் போச்சு."

வயிறு எரிந்ததய்யா. காசு போனதைவிட, நீ ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்ட சீரைக் கூலி என்று சொல்லிவிட்டாரே என்றுதான் எரிந்தது.

மறுநாளே லேபர் ஆபீசில் மனு கொடுத்தேன். இரண்டு முறை நோட்டீஸ் போயும் அவர் வரவில்லை. ஒவ்வொரு முறையும் அந்த பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து, இதெல்லாம் நமக்கு வேண்டாத வேலை என்றுகூட நினைத்தேன். வீட்டுக்காரம்மா வேறு காலி பண்ணச் சொல்லிவிட்டாள். விட்டுவிட்டால் நீ உழைத்தது உழைக்காததாகிவிடுமே?

மூன்றாவது முறை வந்தார். அன்று பள்ளிக்கூடம் லீவு என்பதால் தேன்மொழியும் என்னோடு இருந்தாள். அந்த ஆபீசர் மேடம், கூலி கொடுத்ததற்கு என்ன ஆதாரம் என்று அவரைக் கேட்டார்.

"காதுகுத்துல குடுத்தேன் மேடம். ஊரே பாத்துச்சு."

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "கூலிய யாராவது வெத்தல பாக்கு வெச்சு மேளத்தோட எடுத்துக்கினு வருவாங்களா மேடம்? அப்படின்னா மாசாமாசம் எங்க வீட்டுக்கு மேளம் வந்திருக்கணுமே!" என்றேன். மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து, வராந்தாவில் விளையாடிக்கொண்டிருந்த உன் மகள், "மாமா!" என்று ஓடிவந்து அவர் மடியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, உன்மேல் சத்தியம். "மாமா, கம்மல் கழண்டுக்கினே இருக்குது" என்று காதைக் காட்டினாள். அவரும் பழக்கத்தில் திருகை முடுக்க ஆரம்பித்தார்.

மேடம் கேட்டார்: "சீரா, கூலியா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க, எழுதிக்கறேன்."

அவர் கை அப்படியே நின்றது. உன்னை மாதிரியே அவருக்கும் நகக்கண்ணில் சாயம். பிள்ளை முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திருகை முழுக்க முடுக்கிவிட்டுத்தான் பேசினார்.

"சீர்தான் மேடம். கூலி பாக்கி இருக்குது. குடுத்துடறேன்."

வெளியே வந்ததும், "சாயம் போடக் குடுக்கற பட்டுக் கடைக்காரங்க எனக்கே பணம் தரலமா. சொல்ல வெக்கமா இருந்துச்சு" என்றார். எனக்கு அழுகையாக வந்தது, கோபமாகவும் வந்தது.

இரண்டு தவணையில் பணம் என் பேங்க் கணக்குக்கு வந்தது. வாடகையைக் கட்டிவிட்டேன், வீட்டுக்காரம்மா இப்போது கூப்பிட்டுக் காபி கொடுக்கிறாள். உன் அரக்குக் கறைச் சட்டையைத் துவைக்கவில்லை, திட்டாதே.

நேற்று அவரும் அவர் சம்சாரமும் வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைக்க வந்தார்கள். அவர் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. வாசலிலேயே நின்றார். "உள்ள வாங்கண்ணே" என்றேன். போகலாமா என்று உன்னைத்தான் கேட்க நினைத்தேன். நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியாதா?

போகிறேன்யா. மேளம் வைத்து, தட்டு நிறைய வரிசை எடுத்து, உன் கூலிக் காசிலேயே அந்தப் பெண்ணுக்கு ஒரு பட்டுப் பாவாடை வாங்கி வைக்கிறேன். ரேடியோ செட்டில் என் பேரைச் சொல்ல விட மாட்டேன். "சாயக்கார மோகன் வீட்டுச் சீர்" என்று தெருவே கேட்கச் சொல்ல வைப்பேன். அதற்கப்புறம் அவர் உனக்குப் பாக்கி இல்லை, நீ அவருக்குப் பாக்கி இல்லை. நீ ஆசைப்பட்ட மாதிரி மச்சானும் மாப்ளயும் மட்டும்தான்.

உன் வாயாடிப் பொண்டாட்டி,
செல்வி