விழுங்காத வைன்

திராய்மடு,
மட்டக்களப்பு.
09.11.2024

அன்பு மகன் லெஸ்டருக்கு,

மாதாவின் புண்ணியத்தில் நானும் தங்கச்சி றொஷெலும் சுகமாக இருக்கிறோம், நீயும் அந்தப் பாரிஸ் குளிருக்குள் சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பாய் என்று நினைத்துக்கொண்டுதான் இதை எழுதத் தொடங்குகிறேன். தினமும் வட்ஸ்அப்பில் முகம் பார்த்துக் கதைக்கிறவளுக்கு இப்போது என்ன கடிதம் என்று நீ சிரிப்பாய். இந்த விஷயத்தைப் போனில் எடுத்தால் நீ "ஓம் மம்மி, அத விடுங்க மம்மி" என்று கதையை மாற்றிவிடுவாய், எனக்கும் அழுகை வந்துவிடும், பிறகு இரண்டு பேரும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவோம். கடிதம் என்றால் நீ இடையில் வாய் திறக்க முடியாது. றொஷெல் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள், தாளைப் பிறகு தபாலில் போடுவேன், பத்திரமாக வைத்துக்கொள்.

இங்கே மாரி தொடங்கிவிட்டது, வாவித் தண்ணீர் ஏறுகிறது, முகத்துவாரத்தை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விட வேண்டும் என்று சனம் கதைக்கிறது, நம் வளவுக்குள் இன்னும் வரவில்லை, பயப்படாதே. குசினிக் கூரையை நீ மாற்றித் தந்த பிறகு இந்த மழைக்குத்தான் வாளி வைக்காமல் சமைக்கிறேன், ஒவ்வொரு நாளும் உன்னை நினைக்கிறேன். றொஷெலுக்கு வந்தாறுமூலை கம்பஸில் பரீட்சை, புத்தகத்தோடு பஸ் ஏறிப் புத்தகத்தோடு இறங்குகிறாள், சாப்பாடு என்றால் மட்டும் அவளுக்கு நேரமில்லை, நீ ஒரு வார்த்தை சொல்லு, நான் சொன்னால் கேட்கமாட்டாள். கிறிஸ்மஸ் தையல் குவிந்து கிடக்கிறது. லைனிங் துணி எடுக்கக் காத்தான்குடிக்கு றிஸ்வியின் கடைக்குப் போனபோது அவன் உன்னை விசாரித்தான். பிரான்ஸில் வைன் தோட்டம் தோட்டமாகக் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள், மகன் எல்லாவற்றையும் வாயில் வைத்து ருசி பார்த்துவிட்டு ஒரு சொட்டும் விழுங்காமல் துப்பிவிடுகிறான் என்று சொன்னேன். அவன் துணி அளக்கிற கையை நிறுத்திவிட்டு, "அன்ரி, உங்கட மகன் எங்கட முஸ்லிம் ஆக்கள விடப் பேணுதலான ஆள் போல" என்று சொல்லிச் சிரித்தான், கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள், எனக்குப் பெருமையாக இருந்தது, பொய் சொல்வானேன்.

முன்பெல்லாம் உன் வேலையை மற்றவர்களுக்குச் சொல்ல எனக்கு வாய் வராது. பக்கத்து வீட்டு பிறிசில்லா அன்ரி கேட்டால் ஹொட்டேலில் சாப்பாட்டுப் பகுதி என்று சொல்லிவைப்பேன். அவள் விடுகிறவளா, "பார் வேலைதானே கா, அதச் சொல்லன்" என்பாள். குடியில் புருஷனைப் பறிகொடுத்தவளின் மகன் போத்தல் திறக்கிற வேலைக்குப் போயிருக்கிறான் என்று பின்னால் சிரித்ததும் எனக்குத் தெரியும். இப்போது அவளே வந்து அந்தத் தோட்டத்துப் படங்களைக் காட்டு என்று கேட்கிறாள், முழங்கால் வலியோடு வேலியைச் சுற்றி வருகிறாள். சாப்பாட்டுக்கு எந்த வைன் பொருந்தும் என்று மேசைக்கு வந்து சொல்லுகிற ஆள், அதற்குப் பெயர் சொமலியே, அதற்குப் படிக்க வேண்டும், பரீட்சை இருக்கிறது, இளம் ஆட்களைத் தெரிவுசெய்து தோட்டங்களுக்குக் கூட்டிப்போகிறார்கள், அதில் என் மகனையும் அங்கே அவனுடைய முதலாளி தேர்ந்து அனுப்பினார் என்று நானே அவளுக்குப் பாடம் எடுக்கிறேன். கல்குடாப் பக்கம் ஹொட்டேலில் தட்டுத் தூக்கின பிள்ளையை நம்பி அனுப்பிய அந்த மனிதருக்குக் கடவுள் நல்ல சுகத்தைக் கொடுக்கட்டும், ஞாயிறு பூசையில் அவர் பெயரையும் சொல்லித்தான் மன்றாடுகிறேன், உச்சரிப்புச் சரியோ தெரியாது, மாதாவுக்கு விளங்கும்.

நீ சொன்னதில் எனக்கு முதலில் ஆச்சரியமாக இருந்தது அந்தத் துப்புகிற வழக்கம்தான். நம் ஊரில் ஒரு வீட்டில் தந்ததைத் துப்பினால் அந்த வீட்டுப் படியைப் பிறகு மிதிக்க முடியாது, அங்கே தோட்டத்துக்குப் போனால் எல்லோரும் வாயில் வைத்துத் துப்புகிறார்கள், அதற்கென்று சட்டி வைத்திருக்கிறார்கள். பகலெல்லாம் அப்படித் துப்பியதால் உன்னை ஒருவரும் கவனிக்கவில்லை என்றாய். இரவு விருந்தில்தானே மாட்டிக்கொண்டாய். சாப்பாட்டு மேசையில் அங்கேயும் துப்பமாட்டார்களாம், அது அவமரியாதையாம். பேர்கண்டியில் அந்தத் தோட்டக்கார மதாம் ஒடில் வீட்டு விருந்தில், அவருடைய மாமனார் காலத்துப் போத்தலைத் திறந்து எல்லோருக்கும் ஊற்றியபோது, நீ வாயில் வைத்துவிட்டுத் துடைக்கிற துணிக்குள் துப்பியதை எதிரே இருந்த ஒருவன் பார்த்துவிட்டு, எங்கள் வைன் பிடிக்கவில்லையா என்று சத்தமாகக் கேட்டான் என்று நீ சொன்னாய். அத்தனை பேருக்கு முன்னால் நீ எழுந்து நின்று, விழுங்குவதில்லை என்று என் மம்மிக்குச் சத்தியம் பண்ணியிருக்கிறேன் என்று உள்ளதைச் சொன்னாய். அந்த மதாம் குசினிக்குள் போய், நீ துப்புவதற்கென்று பால் ஊற்றுகிற ஒரு சின்னப் பீங்கான் குவளையைக் கொண்டுவந்து உன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, "இவன்ட அம்மாவும் இண்டைக்கு எங்கட விருந்தாளிதான்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார் என்றாயே. நீ சொன்ன அந்த வார்த்தையை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். என்னைக் கண்டதில்லை, என் பாஷை தெரியாது, மட்டக்களப்பு எந்தப் பக்கம் என்றும் தெரியாது. ஆனாலும் தன் வீட்டு வழக்கத்தை மாற்றி என் சொல்லுக்கு மரியாதை கொடுத்தாரே. சொந்தச் சனமே எனக்கு அவ்வளவு செய்ததில்லை மகன். பிறிசில்லா அன்ரியின் மகன் கிறிஸ்மஸுக்குப் பாரிஸ் வருகிறான், அவனிடம் அந்த அம்மாவுக்கு ஒரு லவ் கேக்கும் நான் தைத்த மேசை விரிப்பு ஒன்றும் கொடுத்துவிடுகிறேன், நீ கையால் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

இனித்தான் விஷயம். றொஷெல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், அவளை ஏசாதே, நான்தான் நச்சரித்தேன், போன மாதக் கடைசியில் நாலு நாள் அவள் முகம் சரியில்லாமல் இருந்தது. அந்த மதாம் உன்னைத் தன்னிடமே வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார், வைன் நிலவறையையும் வருகிற விருந்தாளிகளையும் உன் பொறுப்பில் விடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார், கிறிஸ்மஸுக்கு முன்னம் பதில் கேட்டிருக்கிறார், நீ இல்லை என்று சொல்லப்போகிறாய். அந்த வீட்டில் புதிதாகச் சேர்கிறவருக்கு முதல் நாள் பீப்பாவிலிருந்து ஒரு கிளாஸ் ஊற்றி, வீட்டுக்காரரும் அவரும் சேர்ந்து குடித்த பிறகுதான் நிலவறைச் சாவியைக் கையில் கொடுப்பார்களாம், மாமனார் காலத்திலிருந்து அப்படித்தானாம். "அந்த மனிசி எனக்காக ஒருக்கா வழக்கத்த மாத்தினவ. மறுகாவும் மாத்தச் சொல்ல எனக்கு வெக்கமா இருக்கு. மம்மியிட்டச் சொல்லாத" என்று தங்கச்சியிடம் சொன்னாயாம். இவ்வளவு நாளும் கனவு கண்ட வேலையை, என்னிடம் ஒரு சொல் கேட்காமல் விடப்பார்த்தாயே, எனக்குக் கோபம் வந்தது, பிறகு உட்கார்ந்து அழுதேன்.

உன் டடியை அடக்கம் பண்ணிய அன்று உன் கையை எடுத்து என் தலையில் வைத்து, ஒரு சொட்டும் உன் தொண்டைக்குள் இறங்கக்கூடாது என்று சத்தியம் வாங்கினேன். அதைப் பிழை என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன், இன்னொரு முறை அந்த நாள் வந்தாலும் அதையேதான் கேட்பேன். கலியாண வீட்டில் வயலின் வாசிக்கப் போகிற மனிதர், அவர் வில்லை எடுத்தால் கிழவிகளும் எழும்பி ஆடுவார்கள், அப்படிப்பட்ட மனிதரைக் கடைசியில் ஆஸ்பத்திரியில் மஞ்சள் கண்ணோடு பார்த்தவள் நான். நீயும் பார்த்தாய். அதற்குப் பிறகு உனக்கு மீசை அரும்பியதைக் கண்டாலே எனக்குப் பயம். நீ அந்தச் சத்தியத்தைப் போத்தல்களுக்கு நடுவில் நின்று காப்பாற்றினாய், காணாத தேசத்தில், நம் ஆட்கள் ஒருவரும் பார்க்காத இடத்தில். எனக்கு இனி என்ன சாட்சி வேண்டும்.

கல்லறைத் திருநாளுக்குச் சேமக்காலைக்குப் போய் டடியின் கல்லுக்கு வெள்ளை அடித்து மெழுகுதிரி கொளுத்தினோம், மழை வந்து அணைத்தது, திரும்பக் கொளுத்தினோம். அங்கே பாதரைக் கண்டு கேட்டேன், பிள்ளை தாய்க்குப் பண்ணிக்கொடுத்த சத்தியத்தை என்ன செய்யலாம் என்று. அவர் யோசித்துவிட்டு, அது உங்களுக்குத் தந்தது தெல்மா, வாங்கியவர்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதற்கு ஆயர் தேவையில்லை என்றார். டடியின் கல்லில் கை வைத்து அவருக்கும் சொல்லிவிட்டேன். ஆகவே மகன், நீ எனக்குத் தந்த சத்தியத்தை இந்தக் கடிதத்தில் உனக்குத் திருப்பித் தருகிறேன். அந்த அம்மாவுக்கு உடனே ஓம் என்று சொல்லு. எனக்குப் பயம் போய்விட்டது என்று நினைக்காதே. பயத்தோடுதான் தருகிறேன், ஆனால் மனதாரத் தருகிறேன். புத்தி சொல்லாமல் விடமாட்டேன், கேட்டுக்கொள். வெறும் வயிற்றில் குடியாதே. தனியே குடியாதே. மனம் சரியில்லாத நாளில் கிளாஸைத் தொடாதே, அன்றைக்கு எனக்குப் போன் எடு, எந்த நேரமானாலும். குடித்தவன் ஓட்டுகிற காரில் ஏறாதே. காலுக்கு மேஸ் போட்டுக்கொண்டு படு, அங்கே கல் தரையாம், குளிர் காலால்தான் ஏறும்.

மாதாவின் கை உன் தலைமேல் இருக்கட்டும், சாவி வாங்குகிற கைக்கு நல்ல பெயர் கிடைக்கட்டும், அந்த மதாமுக்கும் அவர் தோட்டத்துக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். மறக்காமல் ஒன்று செய். உன் டடி இருபது வருஷம் குடித்தார், ஒரு நாளாவது உட்கார்ந்து குடித்ததில்லை, கண்ணை மூடிக்கொண்டு ஊற்றுவார், அது என்ன ருசி என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் சொன்னதில்லை. நீ அந்தக் கிளாஸை அந்த அம்மாவோடு உட்கார்ந்து மெதுவாகக் குடித்துவிட்டு, அந்த இடத்திலிருந்தே எனக்குப் போன் எடுத்து, என்ன ருசி என்று சொல்லு.

என்றும் உன்னை நினைத்திருக்கும்
மம்மி,
தெல்மா