மேஸ்திரியின் முகம்

அன்புள்ளவளுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாத்திரையைப் பாதியில் நிறுத்தியிருப்பாய், எனக்குத் தெரியும்.

இங்கே கல்லறைக் கல்லில் முகம் கொத்தும் மெஷின் மிகப் பழையது. கறுப்பு வெள்ளைப் படத்தை அதன் காலத்து ஃபைலாக மாற்றிக் கொடுத்தால்தான் எடுத்துக்கொள்ளும். படத்தில் கறுப்பு இருக்கும் இடத்தைக் கொத்தும். கொத்திய இடம் கல்லில் வெளுக்கும். ஆகவே மாற்றும்போதே கறுப்பையும் வெள்ளையையும் புரட்டிப் போட வேண்டும். எனக்கு வர வேண்டிய நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மேஸ்திரிக்கு இது தெரியாது.

இறந்துபோன பெரியவர் ஒருவரின் படத்தைப் புரட்டாமலே மாற்றிவிட்டார். பெரியவரின் மனைவி வாசலில் காத்திருந்தார். இருந்ததோ ஒரே கல்.

"கல்லு பாழாயிடும்," என்றேன்.

"படிச்ச திமிரா? வாய மூடிட்டு வேலையப் பாருய்யா."

மேஸ்திரியின் அடையாள அட்டைப் படத்தை அவர் வழியிலேயே மாற்றி, ஓர் உடைசல் கல்லில் கொத்தவிட்டேன். கருவிழி வெளுத்து, பல் கறுத்துக் கல்லில் வந்து நின்றார்.

"யாருப்பா இது, பேய்க்குப் பெரியப்பாவா?" என்றார் கல் அறுப்பவர். மேஸ்திரி எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

பெரியவரின் படத்தை நானே புரட்டி மாற்றிக் கொத்தினேன். அந்த அம்மா கல்லைத் தடவிவிட்டு, "அதே சிரிப்பு," என்றார்.

என்னை உருப்படாதவன் என்ற உன் அண்ணனுக்கு இதை உரக்கப் படித்துக் காட்டு.

உன் படம் ஒன்று அனுப்பு, சாயம் பூசாத தலையோடு. கல்லில் கொத்த மாட்டேன், பயப்படாதே. சாப்பிடும்போது எதிரில் வைத்துக்கொள்ளத்தான்.

எங்களை அறைக்குக் கூட்டிப்போகும் வேன் வந்துவிட்டது.

உன் கணவன்